கை கழுவாத விஞ்ஞானிகள்

‘மாஸ்டர், ஒரு டீ. சர்க்கரை வேணாம்!’

எந்த டீக்கடையில் நின்றாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்தக் குரல் காதில் விழும். சிலர் சட்டைப் பையிலிருந்து குட்டி டப்பா ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டி, மாத்திரையை டீக்குள் விழவைப்பார்கள். பட்டாணியில் பாதி கூட இருக்காது. ஆனால், டீ இனிக்கும்!

அந்த மாத்திரை அந்தக் கிளாஸுக்குள் விழுவதற்கு முன்னால் நடந்த கதை இருக்கிறதே... அதில் பட்டினி கிடந்த குழந்தைகள் உண்டு. கடத்தல்காரர்கள் உண்டு. கோபக்கார அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் உண்டு. புற்றுநோய் வந்த எலிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கை கழுவ மறந்த விஞ்ஞானிகள் வரிசையாக நிற்கிறார்கள்!

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். சிறுநீர் இனிக்கிறது, எறும்பு மொய்க்கிறது என்பதை நம் நாட்டின் பழங்கால வைத்தியர்கள் எப்போதோ கவனித்து, ‘மதுமேகம்’ என்று பேரும் வைத்துவிட்டார்கள். இங்கே மது என்றால் தேன். ஐரோப்பாவில் இதை அழுத்தம் திருத்தமாக எழுதிவைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். வருஷம் 1674. அவருக்கு எப்படித் தெரிந்ததாம்? நாக்கில் வைத்துப் பார்த்தார்! அந்தக் காலத்து டாக்டர் உத்தியோகம் அவ்வளவு சுலபமாக இல்லை.

நூறு வருஷம் கழித்து, 1776-ல், லிவர்பூல் டாக்டர் மாத்யூ டாப்சன் ஒரு நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சினார். அடியில் வெள்ளையாக ஏதோ தங்கியது. சர்க்கரை! ரத்தத்தில் பிரிந்த தெளிநீரையும் பார்த்தார். அதுவும் இனித்தது.

‘சர்க்கரை வெளியே போகிறதா? அப்படியானால் உள்ளே போவதை நிறுத்து!’ என்று கிளம்பினார் ஜான் ரோலோ. பிரிட்டிஷ் ராணுவத்தின் சர்ஜன். 1797-ல் அவர் எழுதிய புத்தகத்தில் கேப்டன் மெரிடித் என்ற நோயாளிக்குக் கொடுத்த மெனு இருக்கிறது. காலையில் பாலும் சுண்ணாம்புத் தெளிநீரும். மதியம் மிருக ரத்தத்தையும் கொழுப்பையும் சேர்த்துச் செய்த புட்டிங். ராத்திரி, நாள்பட்ட மாமிசம், கெட்டுப்போன வாடை அடிக்கும் கொழுப்பு. பாவம் கேப்டன்! இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாவுப் பண்டம் குறைந்தால் சிறுநீரில் சர்க்கரையும் குறைகிறது என்று ரோலோ கண்டது நிஜம்.

இதற்கு நேர் எதிராக ஒருத்தர் கிளம்பினார். பிரான்ஸில், பியோரி என்ற டாக்டர். ‘சர்க்கரைதானே உடம்பைவிட்டுப் போகிறது? போனதை ஈடுகட்ட நிறையச் சர்க்கரை சாப்பிடுங்கள்!’ என்றார். 1850-களில் நடந்தது இது. நோயாளிகள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்! பலன் என்னவாகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதே பிரான்ஸில் வாழ்ந்த இன்னொரு டாக்டர் அப்போலினேர் பூஷார்டா. 1870-ல் ஜெர்மானியப் படைகள் பாரிஸைச் சுற்றி வளைத்துக்கொண்டன. நகரத்துக்குள் தானியம் இல்லை, காய்கறி இல்லை. ஜனங்கள் எலியைக் கூடச் சாப்பிட்டார்கள். அந்தக் கோரத்துக்கு நடுவே பூஷார்டா ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அவருடைய சர்க்கரை நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரையே காணோம்! முற்றுகை அவர்களுக்குச் செய்த வைத்தியம் அது. ‘முடிந்தவரை குறைவாகச் சாப்பிடு’ என்பது அவருடைய தாரக மந்திரமாகிவிட்டது.

இந்த மந்திரத்தை அதன் கடைசி எல்லை வரை இழுத்துக்கொண்டு போனவர் ஃபிரெடரிக் ஆலன். அமெரிக்க டாக்டர். முதல் உலகப்போர் நடந்த காலம். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் என்றால் மரண தண்டனை என்றே அர்த்தம். ஆலன் அந்தத் தண்டனையைத் தள்ளிப்போட ஒரு வழி வைத்திருந்தார். பட்டினி. சிறுநீரில் சர்க்கரை மறையும் வரை ஒன்றும் கிடையாது. அப்புறம், மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்த காய். ஏன் மூன்று முறை? அதிலிருக்கும் கொஞ்சநஞ்ச மாவுச்சத்தும் தண்ணீரோடு போய்விட வேண்டும் என்பதற்காக.

ஆலன் கொடுமைக்காரர் இல்லை. அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை, அவ்வளவுதான். அவருடைய குறிப்புகளில் ஒரு சிறுவன் வருகிறான். பன்னிரண்டு வயது. நோயால் கண் பார்வை போய்விட்டது. சாப்பாட்டைக் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் தருகிறார்கள். ஆனாலும் சிறுநீரில் சர்க்கரை வந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? பையன் ஒரு கேனரிப் பறவை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருந்தான். கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது. கூண்டிலிருந்த பறவையின் தீனியையும், பல் துலக்கும் பேஸ்ட்டையும் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறான்.

சர்க்கரை நோயாளி ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஒரு லட்டைக் கிள்ளி வாயில் போட்டால், ‘நாக்கை அடக்கத் தெரியலை’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை சொல்வதற்கு முன்னால் அந்தப் பையனைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1922 ஜனவரி 11. கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அந்த முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி 23-ம் தேதி மறுபடி போட்டார்கள். சர்க்கரை மளமளவென்று இறங்கியது! அதே வருஷம் ஆகஸ்ட் மாதம் டொரன்டோவுக்கு வந்து இறங்கினாள் எலிசபெத் ஹ்யூஸ். அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள். ஆலனிடம் மூன்று வருஷம் பட்டினி வைத்தியம் பார்த்தவள். வயது 15 ஆகப்போகிறது, எடையோ 20 கிலோதான். இன்சுலின் கிடைத்த பிறகு ரொட்டியும் உருளைக்கிழங்கும் சாப்பிட ஆரம்பித்தாள். வளர்ந்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், 73 வயது வரை வாழ்ந்தாள். ஆலனின் பட்டினி இல்லாவிட்டால் இன்சுலின் வரும்வரை உயிரோடு இருந்திருக்கமாட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்சுலினோடு கூடவே ஒரு வேடிக்கையும் வந்து சேர்ந்தது. மருந்தின் அளவு கொஞ்சம் கூடினால் ரத்தச் சர்க்கரை தடாலென்று விழுந்துவிடுகிறது. வியர்வை, நடுக்கம், மயக்கம். அதற்கு வைத்தியம்? ஆரஞ்சு ஜூஸ், இல்லையென்றால் சர்க்கரை! அதுவரை விஷமாக இருந்த பொருள் அந்தச் சில நிமிஷங்களுக்கு மட்டும் உயிர்காக்கும் மருந்து. சாதாரண நாளில் தொடக் கூடாது, ஆபத்தில் உடனே தொட வேண்டும். என்ன மாதிரியான உறவு பாருங்கள்!

சரி, சாதாரண நாளில் நாக்கு இனிப்புக் கேட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை இன்சுலினுக்கு நாற்பது வருஷம் முன்பே கிடைத்துவிட்டது. தேடிப் போய்க் கண்டுபிடித்தார்களா? அதுதான் இல்லை.

1879-ஐ ஒட்டிய சமயம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஐரா ரெம்ஸனின் சோதனைச்சாலையில், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ரசாயனங்களை உருட்டிக்கொண்டிருந்தார் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க். ஒருநாள் வேலை மும்முரத்தில் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ரொட்டி இனித்தது. உதட்டைத் துடைத்த துணி இனித்தது. விரலை நக்கினால் அதைவிட இனித்தது! மனிதர் ஓடினார் சோதனைச்சாலைக்கு. மேஜை மேல் இருந்த ஒவ்வொரு குடுவையையும் வரிசையாக நக்கிப் பார்த்தார். (அதில் ஏதாவது ஒன்று விஷமாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை அடுத்த ஆளைத் தேடிப் போயிருக்கும்.) கிடைத்தது சாக்கரின். சர்க்கரையைவிட 300 மடங்குக்கு மேல் இனிப்பு. உடம்பு அதைச் சர்க்கரையாக மாற்றுவதே கிடையாது. வந்த வழியே வெளியே போய்விடும்.

ஆராய்ச்சிக் கட்டுரையில் ரெம்ஸன், ஃபால்பெர்க் இருவர் பேரும் இருந்தது. பேட்டன்ட்டில் ஃபால்பெர்க் பேர் மட்டும்! ஜெர்மனிக்குப் போய்த் தொழிற்சாலை வைத்துப் பணம் பார்த்தார். ரெம்ஸனுக்கு இந்தக் கோபம் கடைசிவரை தீரவில்லை.

சர்க்கரை ஆலை முதலாளிகளுக்கு இன்னொரு விதக் கோபம். ஜெர்மனியில் பீட்ரூட் சர்க்கரை பெரிய வியாபாரம். அவர்கள் கொடுத்த நெருக்கடியில் 1902-ல் அரசாங்கம் சட்டம் போட்டது. சாக்கரின் இனிமேல் மருந்துக்கடையில்தான் கிடைக்கும், அதுவும் டாக்டர் சீட்டு இருந்தால்தான். விளைவு? பக்கத்து நாடான ஸ்விட்சர்லாந்தில் தயாராகி, எல்லை தாண்டி வந்தது. துணிக்குள் வைத்துத் தைத்துக் கடத்தினார்கள்! ஏழைகளுக்குச் சர்க்கரையைவிடச் சாக்கரின் மலிவு. ஆகவே, கடத்தல்காரருக்கு ஊரில் ஆதரவு இருந்தது. சர்க்கரை நோயாளியோ கௌரவமாகச் சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டார். உலகத்திலேயே அவர்களுக்கு மட்டும் கிடைத்த சலுகை!

அமெரிக்காவிலும் சாக்கரின் மேல் கண் விழுந்தது. உணவுக் கலப்படத்தை எதிர்த்துப் போராடிய ஹார்வி வைலி என்ற அரசு விஞ்ஞானி, 1908-ல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் முன்னால் பேசினார். டப்பாவில் அடைத்த சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போடுவது மோசடி என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். உடம்புக்குப் பெரிய கெடுதல் என்றும் சேர்த்துச் சொன்னார். ரூஸ்வெல்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய சொந்த டாக்டர் தினமும் அவருக்குக் கொடுப்பதே சாக்கரின்தான்! கெடுதல் என்பவன் முட்டாள் என்கிற அளவுக்குப் பொரிந்து தள்ளிவிட்டார். அப்புறம், இதையெல்லாம் ஆராய ஒரு குழு போட்டார். குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஐரா ரெம்ஸன்!

கடைசியில், 1912-ல் சாதாரண உணவில் சாக்கரின் கூடாது, சர்க்கரை நோயாளிக்கான பண்டத்தில் போடலாம் என்று முடிந்தது. அடுத்து வந்த உலகப்போரில் சர்க்கரைக்குப் பஞ்சம் வந்தவுடன், வேண்டாம் என்ற நாடுகளே சாக்கரினைத் தேடிப் போனது தனிக்கதை.

கை கழுவாதவர்கள் வரிசையில் இரண்டாமவர் மைக்கேல் ஸ்வெடா. 1937. இலினாய் பல்கலைக்கழக மாணவர். காய்ச்சல் மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சோதனைச்சாலைக்குள்ளேயே சிகரெட்! அதை மேஜை மேல் வைத்துவிட்டு மறுபடி வாயில் வைத்தால், இனித்தது. அதுதான் சைக்ளமேட். சாக்கரின் போலக் கடைசியில் கசக்காது.

இந்தச் சைக்ளமேட்தான் நம் கதையின் முக்கியமான பாட்டிலைக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஹைமன் கிர்ஷ் என்று ஒரு சோடா வியாபாரி. ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்தவர். 1904-லிருந்து அவருக்கு இதுதான் தொழில். நாள்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் யூத ஆஸ்பத்திரி ஒன்றின் நிர்வாகத்திலும் இருந்தார். அங்கே இருந்த சர்க்கரை நோயாளிகளும் இதய நோயாளிகளும் ஆசைக்கு ஒரு சோடா கூடக் குடிக்க முடியாமல் இருந்தார்கள். தான் விற்கும் பொருளைத் தன் ஆஸ்பத்திரி நோயாளி தொட முடியாது! கிர்ஷும் அவர் மகனும் ஒரு டாக்டரைச் சேர்த்துக்கொண்டு முயற்சி செய்தார்கள். இதய நோயாளிக்கு உப்பிலிருக்கும் சோடியம் ஆகாது என்பதால் கால்சியம் சைக்ளமேட்டைப் போட்டார்கள். 1952-ல் ‘நோ-கேல்’ என்ற பேரில் ஜிஞ்சர் ஏல் கடைக்கு வந்தது. கலோரியே இல்லை என்று அர்த்தம்.

டயட் சோடாவின் பிறப்பிடம் விளம்பரக் கம்பெனி என்று நினைத்திருப்பீர்கள். ஆஸ்பத்திரி வார்டு!

ஆனால், வாங்கியவர்களை எண்ணிப் பார்த்தபோது கிர்ஷுக்கே ஆச்சர்யம். நோயாளிகளைவிட, இடுப்பளவைக் குறைக்க நினைத்தவர்கள்தான் அதிகம். விளம்பரத்தில் ஒல்லியான பெண்கள் வந்தார்கள். பெரிய கம்பெனிகள் மோப்பம் பிடித்தன. 1958-ல் ‘டயட் ரைட்’, 1963-ல் கோக-கோலாவின் ‘டாப்’, 1964-ல் ‘டயட் பெப்சி’. யாருக்காகப் பிறந்ததோ அவர் விளம்பரத்தைவிட்டே காணாமல் போனார். (அந்த ‘டாப்’ 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது.)

அப்புறம் எலிகள். சைக்ளமேட்டும் சாக்கரினும் கலந்து கொடுத்த எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. 1969-ல் அமெரிக்கா சைக்ளமேட்டைத் தடை செய்தது. 1977-ல் கனடாவில் நடந்த எலி ஆராய்ச்சியை வைத்துச் சாக்கரினுக்கும் நாள் குறித்தார்கள். எலிக்குக் கொடுத்த அளவுக்கு மனிதன் போக வேண்டுமானால் ஒரு நாளைக்கு 800 கேன் டயட் சோடா குடிக்க வேண்டும் என்று கேலி செய்தார்கள் எதிர்த்தவர்கள். ஆனால், சர்க்கரை நோயாளிகளுக்கு இது கேலி விஷயமாக இல்லை. சைக்ளமேட் போயாச்சு. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதையும் பிடுங்கிக்கொண்டால் மறுபடி ரோலோ காலமா? நோயாளிகளும், பிள்ளைக்கு நோய் வந்த பெற்றோரும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். தடையை நாடாளுமன்றமே தள்ளிவைத்தது. எச்சரிக்கை வாசகம் அச்சடித்தால் போதும் என்றது. எலிக்குக் கட்டி வந்த விதம் மனிதனுக்குப் பொருந்தாது என்று பிற்பாடு தெரிந்து, 2000-ல் அந்த வாசகமும் போயிற்று. இதில் கூத்து என்னவென்றால், கனடாவில் நேர்மாறு! அங்கே 2014 வரை உணவில் சாக்கரினுக்குத் தடை இருந்தது, மேஜையில் போட்டுக்கொள்ளச் சைக்ளமேட்டுக்கு அனுமதி. எல்லையின் இந்தப் பக்கம் விஷம், அந்தப் பக்கம் இனிப்பு.

இன்னும் இரண்டு பேர் பாக்கி. 1965-ல் ஜேம்ஸ் ஷ்லாட்டர், வயிற்றுப்புண் மருந்து தேடும்போது ஒரு காகிதத்தைப் புரட்ட விரலை நக்கினார். அஸ்பார்ட்டேம் கிடைத்தது. 1976-ல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய மாணவரிடம், குளோரின் சேர்த்த சர்க்கரை ஒன்றை ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னார் பேராசிரியர் லெஸ்லி ஹஃப். இவர் காதில் ‘டேஸ்ட்’ என்று விழுந்தது. நாக்கில் வைத்துவிட்டார். சுக்ரலோஸ் கிடைத்தது! இங்கிலீஷ் உச்சரிப்பு சரியாகப் புரிந்திருந்தால் இன்றைக்கு அந்தப் பொட்டலம் இருந்திருக்காது.

இதெல்லாம் பாதுகாப்பானதுதானா என்று கேட்பீர்கள். 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, அஸ்பார்ட்டேமை ‘புற்றுநோய் வர வாய்ப்பிருக்கலாம்’ என்ற பட்டியலில் சேர்த்தது. கூடவே, அளவை முடிவு செய்யும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ மனிதர் அந்த வரம்பைத் தாண்ட ஒரு நாளைக்கு ஒன்பது கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். அதே 2023-ல், எடை குறைப்பதற்காக இந்த இனிப்பூட்டிகளை நம்பாதீர்கள் என்றும் நிறுவனம் சொன்னது. அந்த அறிவுரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்பது சின்ன எழுத்தில் இருந்தது. செய்தி சொன்ன பலர் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. ‘ஃபீனைல்கீட்டோனூரியா’ என்ற அரிய பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமைத் தொடவே கூடாது.

இன்னொரு பக்கம், சர்க்கரை மீதே இருந்த பழைய தீர்ப்பு ஆட்டம் கண்டது. 1981-ல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு, எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்து ஒரு பட்டியல் போட்டது. குளுகோஸுக்கு 100 மார்க். வெள்ளைச் சோறு 72. வெள்ளைச் சர்க்கரை? 59! தேன் 87. (பின்னால் நடந்த சோதனைகளில் தேனின் எண் இறங்கியது, வகைக்கு வகை மாறுகிறது.) ‘சர்க்கரையைத் தொடமாட்டேன்’ என்று சபதம் எடுத்து, ஒரு குண்டான் சோறு சாப்பிட்டவர்கள் திகைத்துப் போனார்கள். 1994-ல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே நிலையை மாற்றிக்கொண்டது. சர்க்கரைக்கு மட்டும் தடை போட ஆதாரம் இல்லை, மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள் என்றது. ஜெர்மனியில் ஃப்ரக்டோஸ் சேர்த்து ‘சர்க்கரை நோயாளிகளுக்கு’ என்று லேபிள் ஒட்டி விற்ற சாக்லேட், பிஸ்கட்டுகளுக்கான தனி விதியை 2010-ல் ரத்து செய்து, 2012-க்குள் கடையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். விலை அதிகம், கொழுப்பும் பல சமயம் அதிகம், லாபம் நோயாளிக்கு ஒன்றுமில்லை.

நம்மூர் ஸ்வீட் ஸ்டாலில் ‘சுகர் ஃப்ரீ’ போர்டைப் பார்த்ததும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருக்காது. மைதா இருக்கும், கடலை மாவு இருக்கும், கோவா இருக்கும். சர்க்கரை இல்லாத டீயோடு நாலு பிஸ்கட் நனைத்துச் சாப்பிடுவதும் இதே கணக்குதான். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் கொஞ்சம் தாது உப்பு சேர்ந்த சர்க்கரையே. பெரும்பகுதி அதே சுக்ரோஸ்.

குடிக்கும் விஷயத்தில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். ஒரு கேன் கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு டீஸ்பூன். கடித்து மெல்ல ஒன்றும் இல்லாததால் கடகடவென்று ரத்தத்துக்குப் போய்விடும். கரும்புச் சாறும், வடிகட்டிய பழ ஜூஸும் இதே ஜாதி. பழமாகச் சாப்பிட்டால் நார்ச்சத்து பிரேக் போடும். மோர், எலுமிச்சம்பழத்தில் உப்புப் போட்ட ஜூஸ், சர்க்கரை போடாத காபி, டீ, சாதாரணத் தண்ணீர் இதெல்லாம் தாராளம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதில் மட்டும் கை இறுகட்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாவிட்டால், எப்போதாவது ஒரு இளநீரால் பெரிய மோசமில்லை. அதிலும் சர்க்கரை உண்டு, ஆனால் கோலாவைவிட நன்றாகக் குறைவு. ஒரு துண்டு மைசூர்பாகு சாப்பிடலாமா? இன்றைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நீங்களே பார்த்துக்கொள்ள முடிகிறது. சாப்பாட்டோடு ஒரு சின்னத் துண்டு, அதற்கு ஈடாகக் கொஞ்சம் சோறு குறைவு, இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்து, உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம். ரோலோவின் கேப்டனுக்கோ, கேனரிப் பையனுக்கோ இந்த வசதி கிடையாது.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் இந்தக் கட்டுரையில் வந்த எந்த மாத்திரையும் பாட்டிலும் உதவாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, குப்பென்று வியர்க்கும்போது டயட் கோலாவைக் கொடுத்தால் அது வெறும் தண்ணீர். அப்போது 1922-ல் டொரன்டோவில் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பழ ஜூஸ், குளுகோஸ், அதுவும் இல்லையா, மூன்று டீஸ்பூன் நிஜச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி!